உறுத்தாத துணி

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் வந்தவுடன் விலை கேட்பதில்லை. பெட்டிகளைச் சுற்றி ஒருமுறை நடப்பார்கள். பிறகு யாராவது ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், மூடி திறந்து வைத்திருக்கும் பெட்டிக்குள் கையை விட்டு அடித்துணியைத் தடவுவார். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். "இது உறுத்தாதோ?" என்பார்.

செத்தவருக்கு என்ன உறுத்தப்போகிறது என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல் வரும். சொல்ல முடியாது. நான் மலர்ச்சாலையில், சவப்பெட்டிக் கடையில், தைக்கிறவள். திருகோணமலைத் துறைமுகப் பக்கம், ஓர்ஸ் ஹில்லுக்கு ஏறுகிற வீதியின் அடியில் எங்கள் கடை. பெட்டியை ஆண்கள் செய்வார்கள், நான் உள்ளுக்குத் துணி போடுவேன். அடியில் மரச்சீவல், அதன்மேல் முரட்டுத் துணி, அதன்மேல் சாட்டின் அல்லது வெல்வெட், ஓரத்துக்குச் சுருக்கு, தலைமாட்டில் ஒரு சின்னத் தலையணை. என் தொழிலுக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. உறுத்தக் கூடாது.

இப்போதெல்லாம் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் கைபேசியில் பார்த்துத்தான் பெட்டி தெரிவு செய்கிறார்கள். இங்கே இருக்கிற மருமகனோ மச்சானோ கைபேசியைப் பெட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்பார். அங்கிருந்து மகன், இன்னும் கிட்டக் காட்டு, இன்னும் கிட்ட என்பான். எவ்வளவு கிட்டக் காட்டினாலும் துணியைத் தொட முடியாதே. கடைசியில், எப்படி இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள் என்பான். முதலாளி என்னைக் கூப்பிடுவார். நான் ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு வந்து சொல்வேன்.

சொல்லிச் சொல்லியே அதில் கெட்டிக்காரியாகிவிட்டேன். கடற்கரை ஆட்கள் என்றால் சாட்டினைக் காட்டி, நுங்கு மாதிரி வழுவழு என்று இருக்கிறது என்பேன். தம்பலகாமம் பக்கத்து வயல்காரருக்கு வெல்வெட்டைக் காட்டி, தவிட்டுக்குள் கை விட்ட மாதிரி என்பேன். அவர்களுக்கு அது போதும், மறுபேச்சு இராது. பெண்களுக்கென்றால், பச்சைப்பிள்ளையின் உள்ளங்கால் மாதிரி என்று சொல்ல வைத்திருந்தேன். அதைச் சொன்னால் உடனே அழத் தொடங்கிவிடுவார்கள் என்பதால் வேலை கூடிய நாட்களில் சொல்வதில்லை. மனம் இரங்காதவள் என்று நினைத்தால் நினையுங்கள். பன்னிரண்டு வருஷம் ஒருத்தி பெட்டிக்குத் துணி தைத்தால் அவளுக்கும் கொஞ்சம் தோல் தடிக்கத்தான் செய்யும்.

ஒருமுறை சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். புருஷனின் முப்பத்தோராம் நாள் முடிந்து அடுத்த கிழமை. பெட்டி வாங்க வரவில்லை. சண்டைபிடிக்க வந்தவள் போல வாசலில் நின்றாள், ஆனால் குரல் எழும்பவில்லை. பெட்டியைத் தூக்கியபோது உள்ளே அவர் புரண்டு படுத்த சத்தம் கேட்டதாம். சொன்னதற்கு வீட்டில் எல்லாரும் அது மனப்பிரமை என்றார்களாம். அன்றிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. உயிரோடு அனுப்பிவிட்டோமோ என்பதுதான் அவளுடைய கேள்வி.

அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். தோளுக்கு ஏற்றும்போது பெட்டி ஒரு பக்கம் சரியும். உடம்பும் கொஞ்சம் சரியும். அடியில் கிடக்கும் சீவல் நசிந்து சரசர என்னும். கேட்டால் பாயில் ஒரு ஆள் மறுபக்கம் திரும்பிப் படுப்பது போலத்தான் இருக்கும். அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய், ஒரு சாக்குச் சீவலுக்கு மேல் துணியைப் போட்டு, அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினேன். சத்தம் வந்தது. இன்னொருமுறை அவளே அழுத்தினாள். பிறகு நிலத்தில் குந்திவிட்டாள். நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு என் கையால் விலைக்குப் போன எந்தப் பெட்டியிலும் சத்தம் வந்ததில்லை. சீவலைப் பையில் அடைத்து, குத்தி இறுக்கி, மேலே கடதாசி மடித்துப் போட்டு, அதற்கும் மேல் இலவம்பஞ்சு பரப்பித்தான் துணி விரிப்பேன். முதலாளி வருகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பெருமைப்படுவார்.

இனி என் வீட்டுக் கதை. என் புருஷன் மூதூருக்குப் போய்வரும் படகில் கயிறு பிடிக்கிறவராக இருந்தார். படகு துறையை நெருங்கும்போது கயிற்றை எறிந்து, இழுத்து, கட்டையில் சுற்றிக் கட்டுவது அவருடைய வேலை. அந்தக் கயிறு அவருடைய இரண்டு உள்ளங்கைகளையும் மரப்பட்டையாக்கி வைத்திருந்தது. அடுப்பில் கொதிக்கும் சட்டியைப் பிடிதுணி இல்லாமல் இறக்குவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டும் பகிடி பண்ணிக்கொண்டும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். நித்திரையில் அவர் படுகிற பாடுதான் எனக்கு ஒத்துவராது. இந்தப் பக்கம் புரளுவார், அந்தப் பக்கம் புரளுவார், கட்டில் சலங்கை கட்டின மாதிரிச் சத்தம் போடும், விரித்த பாய் சரசர என்னும். ஒரு இடத்தில் கிடக்க ஏலாதோ என்று நான் ஏசாத நாள் இல்லை.

ஒருநாள் பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வர, உடைந்த ஓட்டை மாற்றுகிறேன் என்று கூரையில் ஏறினார். விழுந்தார். முதுகெலும்பு போய்விட்டது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் பாருங்கள் என்று தந்தார்கள். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று கடதாசித் துண்டில் எழுதித் தந்திருந்தார்கள். துண்டைச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். காலையில் புரட்டிவிட்டு வேலைக்குப் போவேன். மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா வந்து புரட்டுவார். பின்னேரம் நான். இரண்டு மணித்தியாலக் கணக்கு எங்களுடைய வீட்டில் ஐந்து மணித்தியாலமாகத்தான் ஓடியது.

அந்தக் காலத்தில் கடையில் ஊதா வெல்வெட் வந்திறங்கியது. விலை கூடிய பெட்டிக்குப் போடுவது. அதை வெட்டும்போது தலைமாட்டுப் பக்கம் சரிவாகத் துண்டுகள் மிஞ்சும். முதலாளியிடம் கேட்டேன், எடுத்துக்கொண்டு போ என்றார். பன்னிரண்டு துண்டுகளை ஒட்டித் தைத்து, அடியில் இலவம்பஞ்சு வைத்து, கட்டில் அளவுக்கு ஒரு விரிப்புச் செய்தேன். நாடியில் கை வைத்து யோசித்துச் செய்த காரியம் அல்ல. செத்தவர்களுக்கே உறுத்தக் கூடாது என்று இந்தப் பாடு படுகிறேன், என் மனுஷன் தென்னந்தும்பு மெத்தையில் கிடக்கிறாரே என்ற ஆதங்கம். எங்கிருந்து என்று அவர் கேட்டபோது, மணவறை சோடிக்கிற கடை ஒன்றில் மிஞ்சியது என்று சொன்னேன்.

உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். அந்தக் கைக்கு ஒன்றும் பிடிபடவில்லை, நூல்தான் தோலில் சிக்கியது. பிறகு புறங்கையை வைத்தார். பிறகு கன்னத்தை. கண்ணை மூடிக்கொண்டு, "பூனைக்குட்டியின்ரை வயிறு மாதிரிக் கிடக்கு" என்றார். நான் எத்தனையோ பேருக்கு எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறேன். அது என் வாயில் வந்ததேயில்லை.

அந்த விரிப்பு அவருக்கு ஒரு விளையாட்டுமானது. வெல்வெட்டை ஒரு பக்கமாகத் தடவினால் சத்தம் இராது, நிறம் வெளிறும். எதிர்ப்பக்கமாகத் தடவினால் ஸ்ஸ் என்று ஒரு சின்னச் சத்தம், கோடு கறுப்பாக விழும். விரலால் உள்துறைமுகத்தைக் கீறுவார். படகு போகிற வழி, ஆழமான இடம், கல் கிடக்கிற இடம் எல்லாம் கீறிவிட்டு ஒரே தடவலில் அழிப்பார். நான் குசினியில் நின்றால் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். கேட்டால் ஆள் முழிப்பு என்று தெரியும், தேத்தண்ணீர் வைப்பேன். பார்க்க வருகிறவர்களிடம், தான் கலியாணப் படுக்கையில் கிடப்பதாகச் சொல்லிச் சிரிப்பார்.

இங்கேதான் நான் பிழை விட்டேன். வேறு யாரும் அல்ல, நான். படுக்கை இவ்வளவு மெத்தென்று இருக்கும்போது அந்த மனுஷனை உருட்டிப் பிரட்டி எழுப்புவானேன் என்று விட்டுவிட்டேன். காலையில் நல்ல நித்திரையாக இருந்தால் புரட்டாமலே வேலைக்குப் போவேன். பக்கத்து வீட்டு அக்காவிடமும், நித்திரை என்றால் விட்டுவிடுங்கள் என்றேன். உறுத்தாமல் இருந்தால் புண் வராது என்று நம்பினேன். அத்தனை வருஷமாக நான் படித்த படிப்பு அது ஒன்றுதான். என்னிடம் படுக்க வந்த எவருக்கும் புண் வந்ததில்லை. வந்தவர்கள் எல்லாரும் செத்தவர்கள் என்பது ஏனோ எனக்கு உறைக்கவில்லை.

ஒரு வருஷம் போனது. ஒருநாள் அவர் தன் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். மரப்பட்டை எல்லாம் உரிந்து போய், உள்ளே இளஞ்சிவப்பாக, பஞ்சு மாதிரி ஒரு கை. கந்தோரில் பேனை பிடிக்கிறவனின் கை மாதிரி இருக்கிறது பார் என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். அந்தக் கை மெத்தென்று ஆனது எனக்குப் பிடிக்கவில்லை. அது என் புருஷனின் கை இல்லை.

அதற்குக் கொஞ்ச நாளில் அறையில் ஒரு மணம் வந்தது. நான் சாம்பிராணி போட்டேன். மறுநாளும் போட்டேன். நான்காம் நாள் பக்கத்து வீட்டு அக்கா முகத்துக்கு நேரே சொன்னார், இது சாம்பிராணியால் போகிற மணம் இல்லை, ஆரையும் கூப்பிட்டுக் காட்டு என்று. கிண்ணியாவில் ஒரு தாதி இருந்தார், வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுகிற பிள்ளை. ஸ்கூட்டரில் வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் பக்கவாட்டில் திருப்பினோம். இடுப்புக்குக் கீழே, பால்மா டின்னின் மூடி அளவுக்கு ஒரு புண். உள்ளே குழிந்து கறுத்திருந்தது. அதைச் சுற்றிய தோலைத் தாதி கையுறை போட்ட விரலால் அழுத்தினார். பள்ளம் அப்படியே நின்றது, நிரம்பவில்லை. சின்ன வயதிலிருந்து நான் மீன் வாங்குகிறவள். அழுத்தின பள்ளம் நிரம்பாவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை.

நான் தாதியிடம் கேட்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "மெத்தெண்டுதானே கிடக்கு?" என்று கேட்டேன்.

"மெத்தெண்டு கிடக்கிறது அந்த இடத்துக்குத் தெரியாது அக்கா" என்றார் அந்தப் பிள்ளை. "பஞ்சுக்கு மேலை கிடந்தாலும் ஒரே பக்கம் கிடந்தால் சதை செத்திடும். இந்தத் துணி வேர்வையையும் வெளியிலை விடாது. ஆர் உங்களுக்கு இதைப் போடச் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை என்றேன். மருந்து கட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டி வரலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் பார்த்தபடி கிடந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். விரிப்பை எடுக்க வேண்டும் என்றேன். ஓம், எடு என்றார். விரிப்பை ஒருமுறை தடவிவிட்டு, கைக்குக் கிட்ட ஒரு துண்டை மட்டும் விடு என்றார். அதற்குமேல் என்னால் பொய்யைச் சுமக்க முடியவில்லை. இது மணவறைத் துணி இல்லை என்று சொன்னேன்.

"தெரியும்" என்றார். "கொண்டந்த அண்டைக்கே தெரியும். மணவறைக்கு ஆர் ஊதா போடுறது? நான் எத்தினை பெட்டி தூக்கினனான்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீ ஆசையாத் தைச்சுக் கொண்டந்தனீ."

வேர்க்கவில்லையோ என்று கேட்டேன். முதுகின் மேல்பக்கத்தில் அவருக்கு உணர்ச்சி இருந்தது. முதல் நாளிலிருந்தே புழுங்கி அவிந்ததாம். பரவாயில்லை என்று விட்டுவிட்டாராம்.

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அந்த இடத்தில் அவரைக் கன்னத்தில் அறைந்திருப்பேன். வாழ்நாள் முழுக்கக் கத்திக் கதைத்த மனுஷன், மூதூர்க் கரைக்குக் கேட்கிற மாதிரிக் குரல் வைத்த மனுஷன், ஒருநாள், ஒரே ஒருநாள், அவியுது, இந்தச் சனியனை எடடி என்று கத்தியிருக்கக் கூடாதா? நான் அவருடைய மனம் நோகக் கூடாது என்று பொய் சொன்னேன். அவர் என்னுடைய மனம் நோகக் கூடாது என்று பேசாமல் கிடந்தார். நடுவில் அந்தச் சதை செத்தது.

அன்று பின்னேரமே ஒரு துண்டை வெட்டி அவருடைய கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வீட்டு வளவுக்குள் போட்டுக் கொளுத்தினேன். அது சீலை மாதிரி எரியவில்லை. சுருண்டு, உருகி, கறுப்பாகக் கட்டிப் போனது. ஆறினபிறகு எடுத்துப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது, கையில் உறுத்தியது.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கைபேசியில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு மணி வைத்தேன். மணி அடிக்க அடிக்கப் புரட்டினேன். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தள்ளு. ஒருமுறை அப்படிப் புரட்டி, காலுக்கிடையில் தலையணை வைத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார். "எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். ஒருக்கா நானாப் புரண்டு படுத்தால் போதும்."

நான் தலையணையைச் சரியாக வைத்தேன்.

பிறகு காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது. புண்ணிலிருந்த கிருமி இரத்தத்துக்குள் போய்விட்டது என்றார்கள். ஒரு முற்பகலில் முடிந்தது. நான் ஆஸ்பத்திரி வாசலில் கஞ்சி வாங்கப் போயிருந்தேன். திரும்பி வர அவருடைய கை விரிந்து கிடந்தது, அந்த ஊதாத் துண்டு நிலத்தில் விழுந்திருந்தது.

முதலாளி, எந்தப் பெட்டி வேண்டுமானாலும் எடு தங்கச்சி என்றார். உண்மையான மனதோடுதான் சொன்னார். இருப்பதில் சாதாரணமானதைக் காட்டினேன். துணி நானே போடுகிறேன் என்றேன். செத்த வீட்டுக்காரி இந்த நேரம் வந்து தைக்கிறாளே என்று சொந்தக்காரர் குசுகுசுத்தது எனக்குக் கேட்டது. குசுகுசுப்பது என்றால் எங்கள் ஆட்களுக்கு அடுத்த வீதிக்குக் கேட்க வேண்டும்.

வெல்வெட் எடுக்கவில்லை. சாட்டினும் எடுக்கவில்லை. அலுமாரியிலிருந்து அவர் இடுப்பில் உடுத்திய இரண்டு பழைய சாரங்களைக் கொண்டுபோயிருந்தேன், தோய்த்துத் தோய்த்து நைந்த பருத்தி. பட்டறையில் அன்று சீவின சீவலை அள்ளி வந்து பெட்டியில் கொட்டினேன். பையில் அடைக்கவில்லை, குத்தவில்லை, கடதாசி போடவில்லை, பஞ்சும் இல்லை. அப்படியே உதிரியாகப் பரப்பி, மேலே சாரத்தை விரித்து ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்தேன்.

முதலாளி வந்து பார்த்தார். பழக்கத்தில் கையை விட்டு ஒருமுறை அழுத்தினார். சீவல் சத்தம் போட்டது.

"தங்கச்சி, இது இறுகேல்லை. தூக்கேக்கை சத்தம் வரும்."

"வரட்டும்" என்றேன்.

என்னுடைய முகத்தைப் பார்த்துவிட்டு அவர் அப்பால் போனார்.

மறுநாள் வீட்டில் கிரியை முடிந்து தூக்குகிற நேரம். படகில் அவரோடு வேலை செய்த ஆட்கள்தான் தூக்க வந்தார்கள். பறை அடிக்கிறவர்கள் வாசல் படலைக்கு வெளியே போய்விட்டார்கள், இன்னும் தொடங்கவில்லை. பெண்கள் குழறி அழுதார்கள். பெண்கள் நாங்கள் படலையோடு நிற்க வேண்டும், அதற்கு அப்பால் போவதில்லை. ஆனபடியால் நான் விறாந்தையிலேயே பெட்டியோடு ஒட்டி, பலகையில் காதை வைக்காத குறையாக நின்றேன். யாரோ என்னைப் பிடித்து இழுத்தார்கள். நான் அசையவில்லை.

ஒரு பக்கத்தை முதலில் உயர்த்தினார்கள். பெட்டி சரிந்தது. உள்ளே சரசர என்றது. அவசரமில்லாமல், நித்திரைப் பாரத்தோடு, ஒரு பெரிய ஆள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பிப் படுக்கிற சத்தம். எத்தனையோ இரவுகள் நான் ஏசிய சத்தம்.

சீவல் என்று எனக்குத் தெரியும். என் கையால் கொட்டின சீவல். சல்லியிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு நானே அழுத்திக் காட்டியிருக்கிறேன். ஆனாலும் அவர்கள் தோளில் ஏற்றிப் படலையைத் தாண்டும்வரை நான் அழாமல் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு வருஷத்துக்கு மேலாக நான்தான் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தேன். அன்றைக்கு நான் கை வைக்கவில்லை, அவராகத்தான் புரண்டு படுத்தார்.